பிறிகோஷன்: வருமுன் காக்கும் ஒரு சொல்

க.பொ.த. (சாதாரண தரம்) – ஆங்கில மொழி – சொல்லறிவுப் பயிற்சி



சென்ற தவணையில் எனது வகுப்பு மாணவர்களுக்குச் சிறிய பயிற்சி ஒன்றைக் கொடுத்தேன். பின்வரும் இரண்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதுமாறு கேட்டேன்.

1. வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்கு முன்னெச்சரிக்கை விடுத்தது.
2. மீனவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தமது படகுகளைக் கரையேற்றினர்.

பெரும்பாலானோர் இரண்டு வாக்கியங்களிலும் பிறிகோஷன் என்ற ஒரே சொல்லையே எழுதியிருந்தனர். இரண்டாவது வாக்கியத்தில் அது சரி. முதலாவது வாக்கியத்தில் அது பிழை. அங்கு வரவேண்டிய சொல் வோர்னிங் என்பதாகும்.

பிழை விட்டவர்களைக் குறைகூற முடியாது. முன்னெச்சரிக்கை என்ற தமிழ்ச்சொல்லை நாம் இரண்டு பொருளில் பாவிக்கின்றோம். ஆபத்து வருமுன் பிறர் சொல்லும் செய்தியும் முன்னெச்சரிக்கைதான். ஆபத்து வருமுன் நாம் செய்யும் காரியமும் முன்னெச்சரிக்கைதான். ஆங்கிலத்தில் இவை இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பரீட்சையில் சில புள்ளிகள் கிடைக்கும். அதைவிடப் பெரிய பயனும் ஒன்று உண்டு. அதனைப் பாடத்தின் நடுவில் காண்பீர்கள்.

குறிப்பு: இப்பாடத்தில் ஆங்கிலச் சொற்களும் வாக்கியங்களும் ஒலிப்பு முறையில் தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசியுங்கள். பின்னர் உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். எழுதியதை அகராதியுடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள். பார்த்து எழுதுவதைவிடக் கேட்டு எழுதுவது மனதில் நிற்கும்.

1. சொல்லின் வடிவமும் உச்சரிப்பும்

பிறிகோஷன் என்ற சொல்லில் பத்து எழுத்துகள் உள்ளன. அவையாவன: பீ, ஆர், ஈ, சீ, ஏ, யூ, ரீ, ஐ, ஓ, என்.

இவ்வெழுத்துகளைச் சற்றுக் கவனியுங்கள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து ஆங்கில உயிரெழுத்துகளும் இச்சொல்லில் ஒவ்வொரு முறை வருகின்றன. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. கல்வி எனப் பொருள்படும் எடியூகேஷன் என்ற சொல்லும் இவ்வாறானதே. எனவே எழுதி முடித்ததும் ஐந்து உயிரெழுத்துகளும் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். யூ என்ற எழுத்தை விட்டுவிடுவதே மாணவர் அதிகமாக விடும் எழுத்துப் பிழை. ரீ, ஐ, ஓ, என் என்று முடிய வேண்டிய ஈற்றை எஸ் போட்டு எழுதுவது அடுத்த பிழை.

உச்சரிக்கும்போது இரண்டாவது அசையாகிய கோ என்பதை அழுத்தி, சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். முதலாவது அசையை அழுத்தக் கூடாது.

2. சொல் பிறந்த கதை

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இலத்தீனில் பிரே என்றால் முன்பு. காவேறே என்றால் கவனமாயிரு, விழிப்பாயிரு. இரண்டும் சேர்ந்து முன்கூட்டியே கவனமாயிருத்தல் என்ற பொருளைத் தந்தன.

இத்தாலியில் பொம்பெயி என்ற பழைய நகரம் உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் அது புதையுண்டது. அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு வீட்டின் வாசல் தரையில் சங்கிலியால் கட்டப்பட்ட நாயின் உருவமும், அதன் கீழே காவே கானெம் என்ற இரண்டு சொற்களும் சிறு கற்களால் பதிக்கப்பட்டுள்ளன. நாய் கவனம் என்பதே அதன் பொருள். எமது ஊர்ப் படலைகளில் தொங்கும் அதே அறிவித்தல்தான். அந்தக் காவே என்ற சொல்தான் இன்று நாம் படிக்கும் சொல்லின் உள்ளே ஒளிந்திருக்கின்றது. தமிழில் கா என்றால் காப்பாற்று என்று பொருள். இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் நினைவில் வைத்திருக்க உதவும்.

பிறி என்ற முன்னொட்டைப் பல சொற்களில் காணலாம். பிறிபெயார் என்றால் முன்கூட்டி ஆயத்தம் செய்தல். பிறிடிக்ட் என்றால் நடக்குமுன் சொல்லுதல். பிறிவென்ட் என்றால் நடக்குமுன் தடுத்தல். இம்மூன்றும் முன்பு என்ற கருத்தைத் தம்முள் கொண்டவை.

3. பொருள்

பிறிகோஷன் என்பது பெயர்ச்சொல். ஓர் ஆபத்து அல்லது இடையூறு வரக்கூடும் என்று எண்ணி, அதனைத் தவிர்ப்பதற்காக அல்லது அதன் பாதிப்பைக் குறைப்பதற்காக முன்கூட்டியே செய்யும் காரியம் என்பது அதன் பொருள். இச்சொல்லைப் பாவிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

(அ) ஆபத்து இன்னும் வரவில்லையா?
(ஆ) அது வரக்கூடும் என்று நினைக்க இடமுண்டா?
(இ) அதற்காக யாராவது ஒரு காரியத்தைச் செய்கின்றார்களா?

மூன்றுக்கும் ஆம் என்ற விடை வந்தால் மட்டுமே பிறிகோஷன் பொருந்தும்.

உதாரணமாக, வெளியே கிளம்பும்போது வானம் கறுத்திருக்கின்றது. நீங்கள் குடையை எடுத்துச் செல்கின்றீர்கள். மழை இன்னும் வரவில்லை; வரக்கூடும்; நீங்கள் ஒரு காரியம் செய்துவிட்டீர்கள். இது பிறிகோஷன். மழையில் நனைந்து வந்து தலை துவட்டுவது பிறிகோஷன் அன்று.

தீ எரியத் தொடங்கியபின் தண்ணீர் தேடி ஓடுவது பிறிகோஷன் அன்று. ஆய்வுகூடத்தில் மணல் வாளியை முன்னதாகவே வைத்திருப்பது பிறிகோஷன். நாம் பேச்சில் சொல்லும் வருமுன் காத்தல், வந்தபின் காத்தல் என்ற வேறுபாடே இது.

4. வோர்னிங் வேறு, பிறிகோஷன் வேறு

வோர்னிங் என்பது சொல்லப்படுவது. பிறிகோஷன் என்பது செய்யப்படுவது. ஒருவர் வோர்னிங் கொடுப்பார். மற்றவர் பிறிகோஷன் எடுப்பார். கிவ் எ வோர்னிங், டேக் எ பிறிகோஷன் என்று இரண்டையும் வினையோடு சேர்த்து மனனம் செய்யுங்கள். இந்த வேறுபாட்டை எமது நாட்டில் நடந்த மூன்று நிகழ்வுகள் தெளிவாகக் காட்டும்.

முதலாவது நிகழ்வு: 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை, சுமாத்திராத் தீவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டு மணித்தியாலம் என்பது கரையிலிருந்து நடந்தே தப்பிச் செல்லப் போதுமான நேரம். ஆனால் அன்று இந்து சமுத்திரத்துக்கென ஓர் ஆழிப்பேரலை எச்சரிக்கை முறைமை இருக்கவில்லை. கடல் உள்வாங்கியதன் பொருளும் மக்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. வோர்னிங் இல்லை. ஆகவே பிறிகோஷனும் இல்லை.

இரண்டாவது நிகழ்வு: 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல், அதே சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. இம்முறை எச்சரிக்கை உடனே வந்தது. கரையோர மக்கள் உள்ளே செல்லுமாறு அறிவிக்கப்பட்டனர். பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரவரும் அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் புத்தகப்பை என்பவற்றை எடுத்துக்கொண்டு உள்ளூர்ப் பக்கம் சென்றோம். பெரிய அலை எதுவும் வரவில்லை. அந்த நிலநடுக்கத்தில் நிலத்தகடுகள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நகர்ந்தன. கடலடித் தரை பெரிதாக மேலெழவில்லை. அதுவே காரணம். எச்சரிக்கை நீக்கப்பட்டபின் வீடு திரும்பினோம்.

வரும் வழியில் அயலவர் ஒருவர், "சும்மா ஓடினதுதான் மிச்சம்" என்று சலித்துக்கொண்டார். அதற்கு எனது அம்மம்மா, "ஓடிக் களைச்சது பரவாயில்லைத் தம்பி. அந்தமுறை ஓடச்சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். அயலவர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வளவில் 2004இல் கடல் கொண்டுபோனவர்கள் இருவர்.

மாணவர்களே, பிறிகோஷன் என்ற சொல்லின் பொருள் முழுவதும் அம்மம்மாவின் அந்தப் பதிலில் இருக்கின்றது. ஆபத்து வராமற் போனாலும் பிறிகோஷன் வீணாவதில்லை. அது வரக்கூடும் என்பதற்காகச் செய்யப்படுவதே தவிர, வந்தே தீரும் என்பதற்காகச் செய்யப்படுவதன்று. ஆங்கிலத்தில் இதனை ஜஸ்ட் இன் கேஸ் என்பார்கள். 'ஒருவேளை நடந்தால்' என்பது அதன் கருத்து.

மூன்றாவது நிகழ்வு: 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அதாவது வோர்னிங் இருந்தது. ஆனால் சென்று குடியிருப்பதற்கு வேறு காணியோ வீடோ இல்லாத தொழிலாளி எங்கே செல்வார்? பிறிகோஷன் எடுப்பதற்கு அறிவு மட்டும் போதாது. வழியும் வேண்டும். அந்த வழியைச் செய்துகொடுப்பதும் பிறிகோஷனே. இதனை மறவாதீர்கள். பொறுப்பான இடங்களுக்கு நாளை செல்லப் போகின்றவர்கள் நீங்கள்தான்.

மூன்று நிகழ்வுகளையும் சுருக்கிப் பார்ப்போம்.

2004: வோர்னிங் இல்லை, பிறிகோஷன் இல்லை.
2012: வோர்னிங் உண்டு, பிறிகோஷன் உண்டு.
2014: வோர்னிங் உண்டு, பிறிகோஷன் இல்லை.

ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் மூன்றாவது நிலையை எம்மால் சொல்லவே முடியாது. ஆகவேதான் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன.

5. நெருங்கிய வேறு சொற்கள்

(அ) பிறிவென்ஷன்: தடுத்தல். விளைவைக் குறிக்கும் சொல் இது. டெங்கு வராமற் செய்வது பிறிவென்ஷன். அதற்காக நாம் செய்யும் ஒவ்வொரு சிறு காரியமும் பிறிகோஷன். சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது ஒரு பிறிகோஷன். கூரைப் பீலியைத் துப்புரவாக்குவது இன்னொரு பிறிகோஷன். எல்லாம் சேர்ந்து நோய் வராமல் நின்றுவிட்டால் அது பிறிவென்ஷன். தலைக்கவசம் அணிவது விபத்தைத் தடுக்காது. ஆனால் விபத்து நடந்தால் தலையைக் காக்கும். எனவே தலைக்கவசம் பிறிகோஷன்தான். விபத்தின் பிறிவென்ஷன் அன்று.

(ஆ) கோஷன்: எச்சரிக்கையுணர்வு, நிதானம். இது ஒரு காரியத்தை அன்றி, காரியம் செய்யும் முறையைக் குறிக்கும். வளைவான மலைப்பாதையில் சாரதி வாகனத்தை நிதானமாகச் செலுத்துவது கோஷன். புறப்படுமுன் பிரேக்கைச் சோதித்துப் பார்ப்பது பிறிகோஷன்.

(இ) புறொடெக்ஷன்: பாதுகாப்பு. ஒன்று எம்மைக் காத்துநிற்கும் நிலையை இது குறிக்கும். நுளம்புவலை தருவது புறொடெக்ஷன். படுக்குமுன் நுளம்புவலையைக் கட்டுவது பிறிகோஷன்.

(ஈ) ட்றீட்மென்ட்: சிகிச்சை. நோய் வந்தபின் செய்வது. இதனைப் பிறிகோஷன் என்று எழுதினால் பொருள் முற்றாகப் பிழைத்துவிடும்.

6. வாக்கியத்தில் பாவிக்கும் முறைகள்

பின்வரும் ஐந்து அமைப்புகளும் போதுமானவை. இவற்றை நன்கு பழகிக்கொள்ளுங்கள்.

அமைப்பு 1: டேக் பிறிகோஷன்ஸ் அகெயின்ஸ்ட்
வீ மஸ்ட் டேக் பிறிகோஷன்ஸ் அகெயின்ஸ்ட் டெங்கு.
டெங்கு வராதிருக்க நாம் முற்காப்பு நடவடிக்கைகளை எடுக்க வேண்டும்.
எந்த ஆபத்துக்கு எதிராகவோ அந்த ஆபத்தின் பெயர் அகெயின்ஸ்ட் என்பதற்குப் பின் வரும்.

அமைப்பு 2: அஸ் எ பிறிகோஷன்
அஸ் எ பிறிகோஷன், த ஸ்கூல் வோஸ் குளோஸ்ட்.
முன்னெச்சரிக்கையாகப் பாடசாலை மூடப்பட்டது.
இது வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம், முடிவிலும் வரலாம். தொடக்கத்தில் வந்தால் காற்புள்ளி இடுங்கள்.

அமைப்பு 3: டேக் த பிறிகோஷன் ஒஃப்
ஷீ டுக் த பிறிகோஷன் ஒஃப் பொயிலிங் த வோட்டர்.
அவள் முன்னெச்சரிக்கையாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.
ஒஃப் என்பதற்குப் பின் வரும் வினை ஐ, என், ஜீ என்ற எழுத்துகளோடு முடிய வேண்டும்.

அமைப்பு 4: முன்னே அடைமொழி சேர்த்தல்
சேஃப்டி பிறிகோஷன்ஸ், சிம்பிள் பிறிகோஷன்ஸ், நெசசரி பிறிகோஷன்ஸ் என்பன பெரிதும் வழங்குபவை. எவ்ரி என்ற சொல் சேர்ந்தால் மட்டும் ஒருமையில் எழுத வேண்டும்: தே டுக் எவ்ரி பிறிகோஷன். அவர்கள் எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தனர்.

அமைப்பு 5: பிறிகோஷனறி மெஷர்ஸ்
பிறிகோஷனறி என்பது பெயரடை. பெரும்பாலும் இதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரும். பத்திரிகைச் செய்தியிலும் அலுவலகக் கடிதத்திலும் இவ்வமைப்பை அதிகம் காணலாம். த வில்லேஜர்ஸ் டுக் பிறிகோஷனறி மெஷர்ஸ் பிஃபோர் த ஃபிளட். வெள்ளத்துக்கு முன்னர் கிராமத்தவர் முற்காப்பு நடவடிக்கைகளை எடுத்தனர்.

7. மாணவர் விடும் ஆறு பிழைகள்

பிழை 1: டேக் என்பதற்குப் பதிலாக டூ அல்லது மேக் எழுதுதல். தமிழில் முன்னெச்சரிக்கை செய்தல் என்று சொல்வதால் இப்பிழை நேர்கின்றது. ஆங்கிலத்தில் பிறிகோஷன் எடுக்கப்படுவது, செய்யப்படுவதன்று.

பிழை 2: அகெயின்ஸ்ட் என்பதற்குப் பதிலாக ஃபோர் எழுதுதல். காய்ச்சலுக்கு மருந்து என்பதுபோல டெங்குவுக்கு முன்னெச்சரிக்கை என்று நாம் நினைப்பதால் இது நேர்கின்றது.

பிழை 3: ஒருமை, பன்மை மயக்கம். இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல். ஒன்றாயின் எ பிறிகோஷன். பலவாயின் எஸ் சேர்த்துப் பிறிகோஷன்ஸ். எ போட்டுவிட்டு எஸ்ஸும் போடக்கூடாது.

பிழை 4: அட்வான்ஸ் பிறிகோஷன் என்று எழுதுதல். முன்பு என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் மேலும் ஒரு முன் தேவையில்லை.

பிழை 5: வினைச்சொல்லாகப் பாவித்து, முடிவில் ஈ, டீ சேர்த்தல். இன்றைய பொது வழக்கில் இச்சொல் வினையாக வருவதில்லை. டுக் பிறிகோஷன்ஸ் என்றே இறந்தகாலத்தில் எழுதுங்கள்.

பிழை 6: நிகழ்ந்தபின் செய்ததற்குப் பாவித்தல். கை வெட்டுப்பட்டபின் மருந்து கட்டியதைப் பிறிகோஷன் என்று எழுதக் கூடாது.

8. மாதிரி விடை: ஓர் அறிவித்தல்

வினா: உங்கள் பாடசாலைச் சுகாதாரக் கழகத்தின் செயலாளர் என்ற வகையில் டெங்கு குறித்து மாணவர்களுக்கு ஓர் அறிவித்தல் எழுதுக.

எழுதுமுன் சொல்லவேண்டிய விடயம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். டெங்கு நுளம்பு தேங்கிய நீருள்ள பாத்திரங்களின் ஓரத்தில் முட்டையிடும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாட்கள் செல்லும். ஆகவேதான் கிழமைக்கு ஒருமுறை நீரைக் கொட்டச் சொல்கின்றோம். முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டி, நீரில்லாமலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கக்கூடியவை. ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இந்நுளம்பு பகலிலேயே கடிக்கும். காலையிலும் மாலையிலும் அதிகம். காரணம் தெரிந்து செய்யும் பிறிகோஷனே பலன் தரும்.

மாதிரி:

நோட்டிஸ்
டெங்கு இஸ் ஸ்பிரெடிங் இன் அவர் ஏரியா. ஓல் ஸ்டூடன்ட்ஸ் ஆர் றிக்குவெஸ்டட் டு டேக் த ஃபொலோயிங் பிறிகோஷன்ஸ். எம்ட்டி அன்ட் ஸ்கிறப் த ஃபிளவர் வாஸஸ் எவ்ரி வீக். குளீன் த றூஃப் கட்டர்ஸ். கவர் த வோட்டர் டாங்க்ஸ். அஸ் எ பிறிகோஷன், வெயர் லோங் ஸ்லீவ்ஸ்.
செக்றட்டரி, ஹெல்த் கிளப்.

கவனிக்க: அறிவுரை வாக்கியங்களில் பெரும்பாலானவை வினைச்சொல்லில் தொடங்குகின்றன. தேவையற்ற சொல் எதுவும் இல்லை. அறிவித்தல் எழுதும்போது இவ்வாறே சுருக்கமாக எழுதுங்கள்.

9. பயிற்சிகள்

விடைகளைப் பார்க்காமல் முதலில் செய்யுங்கள்.

பயிற்சி 1: பின்வரும் ஒவ்வொன்றுக்கும் வோர்னிங், பிறிகோஷன், கோஷன், ட்றீட்மென்ட் ஆகியவற்றுள் பொருத்தமானதை எழுதுக.

1. வானொலியில் சூறாவளி பற்றி அறிவிக்கப்படுகின்றது.
2. அப்பா கூரைத் தகரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகின்றார்.
3. பாம்பு தீண்டியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று மருந்தேற்றுகின்றனர்.
4. இரவில் வயலுக்குச் செல்பவர் சப்பாத்தும் அணிந்து டோர்ச் லைட்டும் கொண்டுசெல்கின்றார்.
5. கண்ணாடிப் பாத்திரத்தை அக்கா மிக நிதானமாகத் தூக்குகின்றார்.
6. காய்ச்சல் டெங்குவா என்று தெரியும்வரை அஸ்பிரின் கொடுக்காமல் இருக்கின்றனர்.
7. மண்சரிவு அபாயம் என்ற பலகை நாட்டப்படுகின்றது.
8. அப்பலகையைக் கண்ட குடும்பம் மழை தொடங்குமுன் உறவினர் வீட்டுக்குச் செல்கின்றது.

பயிற்சி 2: பிழை திருத்துக.

1. வீ மஸ்ட் டூ பிறிகோஷன்ஸ் அகெயின்ஸ்ட் ஃபிளட்ஸ்.
2. ஹீ டுக் எ பிறிகோஷன்ஸ்.
3. தே டுக் பிறிகோஷன்ஸ் ஃபோர் ஃபயர்.
4. ஷீ டுக் த பிறிகோஷன் ஒஃப் லொக் த டோர்.

பயிற்சி 3: ஆங்கிலத்தில் எழுதுக.

1. முன்னெச்சரிக்கையாக மக்கள் கரையை விட்டுச் சென்றனர்.
2. மக்களுக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.

விடைகள்

பயிற்சி 1: (1) வோர்னிங். (2) பிறிகோஷன். (3) ட்றீட்மென்ட், ஏனெனில் பாம்பு ஏற்கெனவே தீண்டிவிட்டது. (4) பிறிகோஷன். (5) கோஷன், இது செயலின் முறையைக் குறிக்கின்றது. (6) பிறிகோஷன், காய்ச்சல் வந்துவிட்டது உண்மை, ஆனால் இங்கு அஞ்சப்படுவது காய்ச்சல் அன்று, இரத்தப்போக்கு. டெங்கு உள்ளவருக்கு அஸ்பிரின் அந்த அபாயத்தைக் கூட்டும். அது இன்னும் வரவில்லை. (7) வோர்னிங். (8) பிறிகோஷன்.

ஆறாவது வினாவில் பலர் தடுமாறியிருப்பீர்கள். எந்த ஆபத்தைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை முதலில் தீர்மானித்தால் தடுமாற்றம் இராது.

பயிற்சி 2: (1) டூ என்பதை டேக் என மாற்றுக. (2) எ பிறிகோஷன் அல்லது பிறிகோஷன்ஸ், இரண்டில் ஒன்று. (3) ஃபோர் என்பதை அகெயின்ஸ்ட் என மாற்றுக. (4) லொக் என்பதை லொக்கிங் என மாற்றுக.

பயிற்சி 3: (1) அஸ் எ பிறிகோஷன், த பீப்பிள் லெஃப்ட் த கோஸ்ட். (2) த பீப்பிள் வெயர் கிவன் எ வோர்னிங்.

10. நினைவிற் கொள்க

பத்து எழுத்துகள், ஐந்து உயிர்களும் ஒவ்வொரு முறை.
வோர்னிங் கொடுக்கப்படும், பிறிகோஷன் எடுக்கப்படும்.
ஆபத்தின் பெயருக்கு முன் அகெயின்ஸ்ட்.
நடந்தபின் செய்வது பிறிகோஷன் அன்று.
நடக்காமற் போனாலும் பிறிகோஷன் வீணன்று.

இறுதியாக, பரீட்சைக்கும் இச்சொல் பொருந்தும். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் முதல்நாள் இரவே ஒரு உறையில் இட்டு வையுங்கள். இரண்டு பேனைகள் கொண்டுசெல்லுங்கள். தூர இடத்திலிருந்து வருபவர்கள் ஒரு பஸ் முன்னதாகவே புறப்படுங்கள். விடை எழுதி முடித்ததும் சுட்டெண்ணைச் சரிபாருங்கள். பேனை மை முடியாமலும் போகலாம். பஸ் நேரத்துக்கே வரவும் கூடும். அப்போது இரண்டாவது பேனை பையிலேயே கிடக்கும், மண்டப வாசலில் அரைமணி நேரம் காத்திருப்பீர்கள். வீணாகச் செய்தோமே என்று எண்ணாதீர்கள். அமைதியான மனதோடு உள்ளே செல்வீர்கள். பிறிகோஷன் தரும் முதற்பயன் அதுவே.

அடுத்த பாடம் தொடங்குமுன் உங்கள் வீட்டிலோ ஊரிலோ கண்ட மூன்று பிறிகோஷன்களை ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். புத்தகத்தில் உள்ளதை எழுத வேண்டாம். நீங்கள் கண்டதையே எழுதுங்கள்.